அருகம்புல்லுக்குக் காவல்

1

டிசம்பர் பிறந்ததும் இந்த ஊர்ச் சாலை விளக்குக் கம்பங்களில் எல்லாம் கொடி ஏறிவிட்டது. கால்பந்து கிளப் உலகக் கோப்பை மறுபடியும் அபுதாபிக்கு வந்திருக்கிறது. ஊரிலிருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்குச் சற்று விளக்கிவிடுகிறேன். நாடுகள் மோதிக்கொள்ளும் உலகக் கோப்பை வேறு, இது வேறு. ஐரோப்பா, தென் அமெரிக்கா, ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, பசிபிக் தீவுகள் என்று ஒவ்வொரு கண்டத்திலும் ஜெயித்த கிளப் ஒன்று வரும். நடத்துகிற நாட்டின் சாம்பியனுக்கும் ஓர் இலை உண்டு. ஐரோப்பாக்காரர்களுக்கும் தென் அமெரிக்கர்களுக்கும் நேராக அரையிறுதியில் பந்தி. பசிபிக் சாம்பியனும் உள்ளூர் சாம்பியனும் மட்டும் முதல் நாளே மோத வேண்டும். அதில் தோற்கிறவர்கள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பது எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

எனக்கும் பந்துக்கும் சம்பந்தமில்லை. நான் ஸ்டேடியத்தில் புல் வளர்க்கிறேன். வேளாண்மை படித்துவிட்டு இங்கே வந்தவன், மைதானப் புல்லின் மேற்பார்வையாளர் என்று அட்டை மாட்டிக்கொண்டு திரிகிறேன். "புல்லுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பி முருகையன் இன்னமும் கேட்கிறான். அவனிடம் நான் சொல்லாமல் மறைத்துவைத்திருந்த இன்னொன்றும் உண்டு. அந்தப் புல் வேறெதுவும் அல்ல, நம்முடைய அருகுதான். ஏதோ வெள்ளைக்காரப் பெயரும் ஒட்டுரகம் என்ற பவிசும் சேர்ந்திருக்கின்றன, சாதி ஒன்றே.

எங்கள் அம்மா ஆயுசு முழுக்கப் பிறர் வயலில் குனிந்து களை பிடுங்கியவள். அருகு அவளுக்குப் பரம எதிரி. வேர் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிட்டால் அடுத்த வாரமே தலைகாட்டும் என்று திட்டிக்கொண்டே பிடுங்குவாள். அந்தக் கூலியில் படித்த நான் அதே புல்லுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டி, உரம் போட்டு, காய்ச்சல் வந்த பிள்ளையைப் போலத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அம்மா இருந்து இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாளா, காறித் துப்பியிருப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை.

2

போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வாரத்தில் முருகையன் கூப்பிட்டான். வேதாரண்யம் போகிற பஸ் ரூட்டில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் எங்கள் ஊர். மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். அப்பாவுக்குப் பிறகு எங்கள் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா. பேர் இரண்டு என்றாலும் சேற்றில் இறங்குகிறவன் அவன்தான்.

"அண்ணே, கேஸ் பைப் போடுற மிசினு தெக்கு வயலுக்கு வந்துட்டுது. அடுத்தது நம்மளுதுதான்."

"பயிர் எப்படி இருக்கு?"

"பொதி கட்டி நிக்குதுண்ணே."

பொதி என்றால், கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே திரண்டு நிற்கிற பருவம். அதைச் சூல் என்றுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அந்த நேரத்தில் வயலுக்குள் வீண் நடமாட்டம்கூடக் கூடாது என்று வரப்போடு நின்றுகொள்வார்கள்.

அவன் கேட்டது பெரிய காரியம் அல்ல. குழாயே வேண்டாம் என்று ஊரே மோதிப் பார்த்து ஓய்ந்துவிட்டது. ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள், சிலர் உள்ளேயும் போய் வந்தார்கள். ஒரு கழகம் போனால் இன்னொரு கழகம் வருகிறது, மேடையில் இரண்டு பேருமே விவசாயி கட்சிதான், நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்து சேருகிறது. முருகையன் இப்போது கேட்பது தை மாதம் வரை தவணை. அறுத்துக்கொள்கிறோம், அதற்குப் பிறகு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். தாசில்தார் ஆபீசிலிருந்து வயலுக்கே விசாரணைக்கு வருகிறார்களாம். மேற்கே அடுத்த வயலில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் பட்டாவோடு வரப்பில் வரிசையாக நின்று கேட்டதில், அறுப்பு வரைக்கும் விட்டுவிட்டார்களாம்.

"பட்டாவுல பேரு உள்ளவங்க எல்லாரும் நேர்ல நிக்கணுமாம். ஒருத்தர் இல்லேன்னாலும் ஆட்சேபணை செல்லாதுங்கிறாங்க. நீங்க வந்து நின்னாப் போதும்ணே. பேசக்கூட வேணாம், நான் பேசிக்கிறேன்."

விசாரணை என்றைக்கு என்று கேட்டேன். முதல் ஆட்டம் நடக்கிற அதே நாள்.

3

அந்த மூன்று மா எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் தம்பி சும்மா அடம்பிடிக்கிறான் என்று தோன்றும். அப்பா பண்ணையாள். உச்சவரம்புச் சட்டம் வந்து, உபரி நிலம் உழைக்கிறவனுக்கு என்று அரசாங்கம் அறிவித்த காலம் அது. அறிவிப்பு காகிதத்தில் இருந்தது, நிலம் பினாமிகளின் பேரில் இருந்தது. பண்ணையாரின் மாட்டுக்கும் நாய்க்கும்கூடப் பட்டா இருக்கிறது என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். கேட்டுச் சலித்துப்போனவர்கள் ஒருநாள் விடிவதற்குள் இறங்கி உபரி நிலத்தில் நட்டுவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

வெயில் ஏறும்போது பண்ணையாரின் காரியக்காரர் ஆட்களோடு வந்துவிட்டார். அருவாளும் கம்புமாக வந்தவர்கள் வரப்பு வரைக்கும் வந்து நின்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் கால் எழவில்லை. நட்ட பயிரை மிதிப்பதற்கு அந்த அடியாட்களுக்கும் கை கால் வரவில்லை, அவர்களும் சோற்றுக்கு வயலை நம்பியவர்கள்தானே. காரியக்காரர் மட்டும் அளவு பார்க்க உள்ளே இறங்கினார். இறங்குவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுத்தான் இறங்கினார். அதைப் பார்த்ததும்தான் தைரியம் வந்தது என்று அப்பா சொல்வார்.

செருப்பு எங்கள் வீட்டில் லேசான விஷயம் அல்ல. பண்ணையார் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டேன் என்று சொல்லி அடி வாங்கியவர் அப்பா. அதே மனிதர் வயலுக்குள் இறங்கும்போது யாரும் சொல்லாமலே கழற்றிவிடுவார். மனுஷனுக்குக் கழற்றவில்லை, பயிருக்குக் கழற்றுகிறேன் என்பார். ஜெயில், வாய்தா, ஜமாபந்தி என்று நாயாக அலைந்து, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் பட்டா கைக்கு வந்தது.

4

லீவு கேட்கப் போனேன். எங்கள் மேனேஜர் ஸ்காட்லாந்துக்காரர், கெட்டவர் அல்ல. "இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் கிளம்பு, டிக்கெட்டை நானே போடுகிறேன்" என்றார். அதற்கு முன்னால் போனால் என் இடத்தில் வேறொருவர் நிற்பார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த வேலையில்தான் எங்கள் விசா தொங்குகிறது, அந்த விசாவில்தான் என் மகள் கயல்விழியின் பன்னிரண்டாம் வகுப்பு தொங்குகிறது. சட்டையைப் பிடித்து யாரும் என்னைத் தடுக்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சரி, தம்பிக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தூதரகச் சேவை மையத்துக்கு ஓடினேன். டோக்கன் வாங்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த பெண் பொறுமைசாலி. பவரில் நான் இங்கே கையெழுத்துப் போட வேண்டும், அசல் தாள் ஊருக்குப் போக வேண்டும், அங்கே பதிவு அலுவலகத்தில் அதற்கு முத்திரை வாங்க வேண்டும், அதற்கப்புறம்தான் அது செல்லும் என்று இந்தியில் விளக்கினாள். எனக்கு இந்தி அரைகுறை. இருந்தாலும் விசாரணைக்குள் ஆகாது என்பது மட்டும் நன்றாகவே விளங்கியது. முடிந்தவரை தெளிவாக ஓர் ஆட்சேபணைக் கடிதம் எழுதி, போனில் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டு, "இதுவும் இருக்கட்டும்ணே" என்றான்.

வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது கயல்விழி காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றினாள். அவள் இங்கேயே பிறந்தவள். தென் அமெரிக்க கிளப்பின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, அவர்கள் அரையிறுதிக்கு இறங்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா ஃபீல்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்குல்லப்பா? க்ளெய்ம் பண்ணிக்கலாமே."

"க்ளெய்ம் பண்ணலாம்மா. ஆனா அது பொதி கட்டின பயிரு."

"ஸோ?"

என் மனைவி வசந்தா என்னைப் பார்த்தாள். பொதி என்றால் என்ன என்று சொல்லலாம், ஏன் மிதிக்கக் கூடாது என்பதையும் சொல்லலாம். அதைக் கேட்டு அவளுக்கு ஏன் வலிக்க வேண்டும் என்பதை எந்த மொழியில் சொல்வது?

5

ஸ்டேடியத்தில் வடக்குப் பக்கத்து கோல் போஸ்டுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. கோல்கீப்பர்கள் குதித்துக் குதித்து அங்கே புல் தேய்ந்துபோய்விடும். அதனால் சில நாட்களுக்கு முன் பாய் போலச் சுருட்டிக்கொண்டு வந்த புதுப் புல்லை விரித்திருந்தோம். போட்டி நடத்துகிறவர்களின் பரிசோதகர் வந்தார். விரித்த புல்லின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். வேர் பிடிக்கவில்லை, இதை உரித்து எறிந்துவிட்டுத் தடிமனான புல் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இது எங்களுக்குப் புதிதல்ல. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை மைதானத்தையே உரித்து லாரியில் ஏற்றியிருக்கிறேன். உரிக்கும் மெஷின் புல்லை மண்ணிலிருந்து தோல் மாதிரி சீவிக்கொண்டே போகும்.

மெஷின் வந்து நின்ற நேரம் பார்த்துத் தம்பியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. தெற்கு வயல். பச்சைப் பயிருக்கு நடுவே மஞ்சள் நிற மெஷின் கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் பொதிப்பயிருக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறார்கள். ஒரு பெண்ணின் குரல் மட்டும் கேட்கிறது: "மிதிக்காதீங்கய்யா, கொஞ்சம் ஒதுங்கி நடங்கய்யா." அவ்வளவுதான் வீடியோ.

போனைப் பையில் போட்டேன். பாதுகாப்பு பூட்சைக் கழற்றி மைதானக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் கோல் போஸ்டுக்கு முன்னால் நின்றேன். யோசித்துச் செய்ததல்ல. மெஷின் ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் புரியவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டான். மின்சாரப் பிரிவில் வேலை பார்க்கும் அதிராம்பட்டினத்து ஜமால், ஏணியில் நின்றபடி, "என்னங்க, நேர்த்திக்கடனா?" என்று கேட்டார்.

மேனேஜர் வந்தார். முதலில் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். இங்கே பூட்ஸ் இல்லாமல் மைதானத்தில் நிற்பது பெரிய குற்றம், அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"இதை உரிக்க வேண்டாம். வேர் பிடித்துவிட்டது" என்றேன்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயமாக."

எனக்கு நிச்சயமில்லை. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் குனியவே இல்லை. அவர் என்னை நம்பினார். மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு, "முதலில் பூட்சைப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எதைக் காப்பாற்றியதாக நினைத்தேன் என்று இப்போதும் பிடிபடவில்லை. அம்மா பிடுங்கி எறிந்த களைக்கு முன்னால் நின்றேன். நிற்க வேண்டிய வரப்பு வேறெங்கோ இருந்தது.

6

விசாரணை நாள் காலையில் முருகையனைக் கூப்பிட்டேன், அவன் எடுக்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் போன் கூடாது என்பதால் அதை லாக்கரில் பூட்டிவிட்டு இறங்க வேண்டியதாயிற்று.

ஆட்டத்துக்கு முன்னால் பசிபிக் சாம்பியன்கள் பயிற்சிக்கு வந்தார்கள். சம்பளத்துக்குப் பந்து ஆடுகிறவர்கள் அவர்களில் குறைவு. ஒருவர் தச்சர், ஒருவர் வங்கிக் குமாஸ்தா, கோல்கீப்பர் பள்ளிக்கூட வாத்தியார் என்று ஜமால் எங்கோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அவர்கள் பள்ளிக்கும் ஆபீசுக்கும் லீவு போட்டுவிட்டுத்தான் உலகக் கோப்பைக்கு வந்திருக்கிறார்கள். கேட்டபோது எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

வாத்தியார் வடக்குப் பக்கத்துக் கோலில் பந்துக்குப் பாய்ந்தபோது கால் வழுக்கி விழுந்தார். காலுக்கு அடியில் புல் மடிந்து எழும்பிவிட்டது. அவர் எழுந்து கையை உதறினார். யாரையும் பார்த்துக் கத்தவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, பெயர்ந்து வந்த புல்லைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பதித்தார். நடவில் மிதந்துவிட்ட நாற்றை எங்கள் ஊர்ப் பெண்கள் திரும்ப ஊன்றுவது அப்படித்தான். ஏதோ தன்னுடைய தவறு மாதிரி எங்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார்.

ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். அந்தப் புல்லால் தோற்கவில்லை, கோல் விழுந்தது தெற்குப் பக்கத்தில். அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். உள்ளூர் ரசிகர்கள் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, ஒரு பெருங்கடலின் சாம்பியன்கள் வரிசையாக வந்து காலியாக இருந்த ஒரு பக்கத்துக்கும் கை தட்டிவிட்டுப் போனார்கள். எல்லாரும் போனதும் நான் வடக்குக் கோலுக்குப் போய் விரலால் ஓரத்தைத் தூக்கினேன். வெள்ளையாக நாலைந்து வேர் மட்டும் மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் வெறும் பாய். மேனேஜர் பின்னால் நின்றிருந்தார். "நிச்சயம் என்றாயே" என்று மட்டும் சொன்னார்.

7

மறுநாள் காலை முருகையனே கூப்பிட்டான். வசந்தா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். கயல்விழி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மேட்ச் நல்லா நடந்துச்சாண்ணே?"

"அதை விடுடா. என்ன ஆச்சு?"

"வந்தாங்கண்ணே. தாசில்தார் ஆபீஸ்காரரு, கம்பெனி ஆளு, போலீஸ், எல்லாரும்தான். உங்க கடிதாசியக் காட்டினேன். வாங்கிப் பார்த்துட்டு மடிச்சு வச்சுக்கிட்டாங்க. பட்டாவுல இன்னொரு பேரு இருக்கே, அவரு எங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"அபுதாபியில புல்லுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன்."

அவனே தொடர்ந்தான்.

"சிரிச்சிட்டாங்கண்ணே. நான் கேலிக்குச் சொல்லல. வேற என்னண்ணே சொல்றது, அதானே உங்க வேலை."

"தெரியும்டா."

"மேலண்ட பாதியில மிசினு இறங்கிட்டுது. கீழண்ட பாதி தப்பிச்சுது, அறுத்துக்கலாம். எறங்குறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். பூட்சைக் கழட்டிட்டு எறங்குங்கன்னேன். கம்பெனி ஆளுங்க கண்டுக்கல. அந்த ஆபீஸ்காரரு மட்டும் செருப்பைக் கழட்டி வரப்புல வச்சுட்டு வந்தாருண்ணே. நம்ம பக்கத்து ஆளுபோல. அளந்து முடிக்கிற வரைக்கும் தலையே நிமிரல."

அவன் அழுகிறானா என்று கவனித்தேன். அழவில்லை. பொங்கலுக்காவது வரப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

கயல்விழி புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"அப்பா, அவங்க எப்படியும் பயிரை அழிக்கத்தானே போறாங்க. அப்புறம் எதுக்கு அந்த ஆள் செருப்பைக் கழட்டினாரு?"

அவள் இதுவரை வயலைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் இது ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரியும். அப்பாவையும் காரியக்காரரையும் அந்த வரப்பையும் சொல்ல ஆரம்பித்தால் மத்தியானம் வரைக்கும் சொல்லலாம். கீழே அவளுடைய பஸ் ஹார்ன் அடித்தது. எனக்கும் ஸ்டேடியத்தில் வடக்குக் கோலை உரித்துப் புதுப் புல் விரிக்கிற வேலை காத்திருந்தது, இந்தத் தடவை மெஷினுக்குப் பக்கத்தில் நானே நிற்க வேண்டும்.

"சாயங்காலம் சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த பூட்சை எடுத்துப் போட்டுக்கொண்டு கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.